நாலாம் சனலின் பூட்டு

எங்கள் வீட்டில் ஒன்பது மணியானால் தொலைக்காட்சி நிற்கும். சிங்கம் மானைத் துரத்திக்கொண்டிருந்தாலும் சரி, கொலைகாரனின் பெயரைச் சொல்லப் பொலிஸ்காரன் வாயைத் திறந்திருந்தாலும் சரி, நான் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிடுவேன். அந்த மான் தப்பியதா என்று என் மகளுக்கு இன்றுவரை தெரியாது.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஹம் நகரத்துக்குப் பக்கத்தில். பார்த்ததோ பிரித்தானியத் தொலைக்காட்சி. அந்த நாட்களில் எங்களுக்குத் தெரிந்த குடும்பங்களில் பாதி லண்டனுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. ஜெர்மன் படித்தால் ஜெர்மனியோடு சரி, ஆங்கிலம் படித்தால் உலகமெல்லாம் போகலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எங்களுக்கு ஒரே பிள்ளை. அவள் பள்ளிக்கூடம் முடிக்கும்போது நாங்களும் போய்விடுவோம், அதற்கு முன் அவளுக்கு ஆங்கிலம் நாக்கில் ஏறவேண்டும் என்பது என் திட்டம். வீட்டு நிர்வாகத்துக்கு எழுத்தில் அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் கொடுத்து, மூன்று மாதம் காத்திருந்து அனுமதி வாங்கி, பல்கனியில் பெரியதொரு டிஷ்ஷைப் பூட்டினேன். மற்றத் தமிழ் வீடுகளின் டிஷ் எல்லாம் ஒரு பக்கம் பார்த்திருக்க, எங்களுடையது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. வீட்டுக்காரனுக்கு ஏற்றமாதிரித்தான் டிஷ்ஷும் என்று என் மனைவி சொல்லுவாள்.

எந்தச் சனல் எப்படி என்று லண்டனில் இருந்த அத்தான், என் அக்காவின் கணவர், தொலைபேசியில் வகுப்பெடுத்தார்.

"ஒண்டும் ரெண்டும் சனத்தின்ரை காசிலை நடக்குது. வீட்டுக்கு வீடு வருசக் காசு கட்டவேணும். அதாலை விளம்பரம் இல்லை, கொஞ்சம் பயந்துதான் நடப்பாங்கள். மூண்டு விளம்பரக் காசு. சனம் எதைப் பாக்குமோ அதைப் போடுவாங்கள். நாலு வேறை மாதிரி. அதுவும் விளம்பரந்தான், ஆனா மற்றவங்கள் காட்டாததை, மற்றவங்கள் காட்டாத ஆக்களைக் காட்டவேணுமெண்டு அதுக்கு விதி. எல்லாத்துக்கும் பொதுவா ஒரு கட்டுப்பாடு இருக்கு. ஒன்பது மணிக்கு முன்னம் பிள்ளையள் பாக்கக்கூடாதது ஒண்டும் போடேலாது. ஒன்பதுக்குப் பிறகு உன்ரை பாடு."

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது மணி. என் வீட்டுச் சுவர் மணிக்கூட்டில் ஒன்பது. லண்டனில் அப்போது எட்டுத்தான் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. நல்ல சுத்தமான நிகழ்ச்சிகள் ஓடுகிற ஒரு மணித்தியாலத்தை ஒவ்வொரு நாளும் வெட்டி எறிந்தேன். பத்து வயதில் மகள் ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்:

"அப்பா, அங்கை இப்பதான் எட்டு."

"இந்த வீட்டிலை மணி என்னெண்டு எனக்குத் தெரியும்" என்று கத்தினேன். அதன்பிறகு அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிழை என்று எனக்கே விளங்கியபிறகும் நான் மாற்றவில்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தானே.

ஆனாலும் அந்தச் சனல்கள் எனக்குப் பிடித்திருந்தன. ஒரு நாடகம் தொடங்குமுன் ஒரு குரல் வந்து, இதில் கடுமையான சொற்கள் உண்டு, இதில் சிலரைக் கலங்கவைக்கும் காட்சிகள் உண்டு என்று மரியாதையாக அறிவிக்கும். முடிந்தபிறகு, உங்கள் மனம் பாதிக்கப்பட்டிருந்தால் இந்த எண்ணுக்கு எடுங்கள் என்று சொல்லும். ஏசுகிறதென்றாலும் அனுமதி கேட்டுவிட்டு ஏசுகிற சனம் என்று நான் சிரிப்பேன். மகள் அந்தக் குரலை அப்படியே பேசிக் காட்டுவாள். அம்மா கறிச்சட்டியைத் திறந்தால், "இதில் கடுமையான உறைப்பு உண்டு" என்று அதே குரலில் அறிவிப்பாள். மூன்று பேரும் வயிறு நோகச் சிரிப்போம். பாணும் பணிசும் செய்கிற பேக்கரித் தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வருகிற எனக்கு அந்தச் சிரிப்புப் போதும்.

அவளுக்குப் பதினான்கு வயதிருக்கும்போது எனக்கு ஒரு கிழமை பின்னேர ஷிப்ட் விழுந்தது. ஒருநாள் மெஷின் பழுதாகி எங்களை நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் வரும்போது ஒன்பது மணி தாண்டியிருந்தது. மனைவி படுத்துவிட்டாள். மகள் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். நான் கதவு திறந்தது அவளுக்குக் கேட்கவில்லை. நாலாம் சனல். இரண்டு இளம்பெண்கள் பஸ் தரிப்பில் நிற்கிறார்கள். ஒருத்தி மற்றவளின் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துச் சூடாக்குகிறாள். பிறகு ஒரு முத்தம். அவ்வளவுதான். ஆனால் நான் பார்த்தது படத்தையல்ல, மகளின் முகத்தை. தண்ணீர் விடாய்த்தவள் தண்ணீரைப் பார்க்கிறமாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது விளங்கியதா, விளங்கவில்லையா என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல என்னால் இன்றைக்கும் முடியாது. விளங்கியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவு கோபம் ஏன் வந்தது?

"என்ன கண்டறியாத படம் இது?"

அவள் எழுந்து போய்ப் படுத்தாள். அடுத்தநாள் பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நாலாம் சனலைப் பூட்டினேன். நாலு இலக்கம் கேட்டது. போட்டேன். இனி இந்த வீட்டில் நாலு இல்லை, மூன்றுக்குப் பிறகு ஐந்து என்று அறிவித்தேன். அவள் தலையாட்டினாள்.

லண்டனுக்கு நாங்கள் போகவில்லை. அவள் போனாள். செய்தி வாசிக்கிற குரலில் ஆங்கிலம் பேசிப் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கேயே வேலையும் எடுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் டிஷ் பெற்ற பட்டம் என்று வேலையிடத்தில் சொல்லித் திரிந்தேன்.

நாலு வருடத்துக்கு முன் டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு வந்திருந்தாள். இருபத்தாறு வயது. இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். அவள் சாப்பிடாமல் புட்டை விரலால் உதிர்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"அப்பா, நான் ஒரு பிள்ளையோடை இருக்கிறன். ரெண்டு வருசமா. கலியாணம் செய்யிற யோசினையிலை இருக்கிறம்."

பிள்ளை என்றால் பெண்பிள்ளை, ஒருத்தியோடு என்று விளங்க எனக்கு ஒரு நிமிடம் எடுத்தது. மனைவி தலை குனிந்திருந்தாள். அவளுக்கு முன்னமே தெரியும் என்பது அந்தக் குனிவிலேயே தெரிந்தது. அது என்னை இன்னும் கொதிக்கவைத்தது.

"அந்த நாலாம் சனல் செய்த வேலை! நான் வேலைக்குப் போக, நீ பூட்டைத் திறந்து களவாப் பாத்திருக்கிறாய்."

அவள் அழவில்லை, கத்தவில்லை.

"எனக்கு அந்த நம்பர் தெரியும் அப்பா. என்ரை பிறந்தநாள்தானே. உங்கடை போனுக்கும் அதுதான், பாங்க் காட்டுக்கும் அதுதான். பூட்டின அண்டைக்கே எனக்குத் தெரியும். ஒருநாளும் திறக்கேல்லை. அந்தப் படத்திலை வந்த ரெண்டு பேருந்தான் நான் முதல்முதல் கண்ட என்னை மாதிரி ஆக்கள். முடிவு என்னெண்டு பாக்க எனக்கு எவ்வளவு ஆசை எண்டு உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வேண்டாமெண்டு சொன்னனீங்கள். அதாலை பாக்கேல்லை."

அந்த இடத்தில் எழுந்துபோய் அவளைக் கட்டிப்பிடித்திருக்கவேண்டும். வேறு எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்திருப்பான். நான் சொன்னது இது:

"அப்ப இதையும் வேண்டாமெண்டு சொல்லுறன்."

"இது ஏலாது, அப்பா" என்றாள்.

விடியப் பெட்டியோடு போய்விட்டாள். ஸ்டேஷனுக்கு அம்மாதான் கூட்டிப்போனாள். நான் குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. வரச்சொல்லி நான் கேட்கவுமில்லை. ஒவ்வொரு கோடையிலும் பக்கத்து ஊன்ட்றொப்பில் இருக்கிற அம்மன் கோயில் தேருக்குப் போகும்போது யாராவது கேட்பார்கள்: "என்ன அண்ணை, மகள் வரேல்லையோ?" லீவு கிடைக்கவில்லை என்பேன். அம்மன் முன்னால் நின்றுகொண்டு நாலு வருடமாக ஒரே பொய்.

இந்த வருடம் கலியாண அழைப்பிதழ் வந்தது. உறையில் எங்கள் இரண்டு பேருடைய பெயரும் அவளுடைய கையெழுத்தில், தமிழில் இருந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் மிரட்டி மிரட்டி அனுப்பிப் படிப்பித்த எழுத்து.

"ரெண்டு ரிக்கற் எடுத்திருக்கிறன். இஞ்சேருங்கோ, வாங்கோ. ஒரே பிள்ளை" என்றாள் மனைவி.

"எனக்கு அண்டைக்கு வேலை."

வேலை இல்லை. லீவு எடுத்து வைத்திருந்தேன். போகத்தான் எடுத்தேன் என்று அவளிடம் சொல்ல என் நாக்கு வளையவில்லை. மனைவி தனியப் போனாள். எனக்கென்று எடுத்த பக்கத்துச் சீற்றில் தன் கோட்டை வைத்துக்கொண்டு போனாளாம்.

சடங்கு மூன்று மணிக்கு. இந்த முறை நான் மணியைச் சரியாகக் கணக்குப் பார்த்தேன். அங்கே மூன்று என்றால் இங்கே நாலு. நாலு மணிக்கு சலவை செய்த நல்ல சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு சோபாவில் இருந்தேன். ஏன் போட்டேன் என்று கேட்காதீர்கள். பிறகு ரிமோட்டை எடுத்து நாலை அழுத்தினேன். நாலு இலக்கம் கேட்டது. என் பிள்ளை பிறந்த திகதியும் மாதமும். இரண்டு தடவை பிழைத்து, மூன்றாம் தடவை திறந்தது.

வீடு தேடுகிற நிகழ்ச்சி ஒன்று ஓடியது. இரண்டு பெண்கள், நாற்பது வயதிருக்கும். கலியாணம் கட்டியவர்கள் என்று அறிவிப்பாளர் சொன்னார். ஒரு வீட்டின் குசினிக்குள் நின்று, சலவை மெஷின் இந்த மூலைக்குள் அடங்குமா என்று ஒருத்தி கையால் அளக்கிறாள். உன் கணக்கு ஒருநாளும் சரிவராது என்று மற்றவள் சிரிக்கிறாள். விளம்பரம் போய்த் திரும்பி வந்தது. அந்தக் குரல் வந்து எச்சரிக்கும் என்று நான் காத்திருந்தேன். கடுமையான சொற்கள் உண்டு, கலங்கவைக்கும் காட்சிகள் உண்டு என்று ஏதாவது சொல்லும் என்று. ஒன்றும் சொல்லவில்லை. பின்னேர வேளையில், பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில், எச்சரிக்க அதில் ஒன்றுமே இருக்கவில்லை. அவர்களுக்கு அந்த வீடு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நான் அந்தச் சோபாவில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

ஆறு மணிக்கு மனைவி போன் எடுத்தாள். பின்னால் ஆட்களின் சிரிப்பும் பாட்டும் கேட்டது.

"முடிஞ்சுது. சீலை உடுத்தவள். வடிவா இருந்தவள்." மூக்கை உறிஞ்சினாள். "முன்வரிசையிலை என்ரை பக்கத்திலை உங்களுக்கு ஒரு கதிரை வைச்சவள். ஆக்கள் இருக்க வர, விடேல்லை. அப்பாவுக்கு லண்டன் மணி ஒருநாளும் பிடிபடாது, பிழைவிட்டிருப்பார், வந்திடுவார் எண்டு எல்லாருக்கும் சொன்னவள். முடியுமட்டும் அந்தக் கதிரையிலை ஒருத்தரையும் இருக்கவிடேல்லை."

என் பழைய பிழையின்படி போயிருந்தால் நான் ஒரு மணித்தியாலம் முந்தித்தான் போய் நின்றிருப்பேன். என் பிள்ளைக்கு அது தெரியாதா? பத்து வயதிலேயே தெரிந்தவள்.

"கேக்குதோ? என்ன சொல்ல அவளுக்கு?" என்றாள் மனைவி.

"மணி பிழைச்சுப்போச்செண்டு சொல்லும்" என்றேன்.