மைக்கில் வாசித்த தேர்தல் மொய்

எனக்குத் தேர்தலில் நிற்கும் எண்ணம் வந்தது கொள்கையால் அல்ல, மழைத் தண்ணீரால். காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடும் பேரூராட்சி எங்களுடையது. அங்கே தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஊருணிக்கு மழைத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை ஒருவர் மண் போட்டு மூடி, கல் நட்டு, பிளாட் போட்டுவிட்டார். அந்த வருடம் ஐப்பசியில் பெய்த மழைக்கு ஊருணிக்குப் போக வழி தெரியாத தண்ணீர் என் கடைக்குள் வந்தது. அறுபது பேருடைய துணி நனைந்து ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறியது. தீபாவளிக்கு இரண்டே நாள். அந்த அறுபது பேரிடமும் நான் வாங்கிய வசவை முழுதாக எழுதினால் இந்தக் கதை தாங்காது.

அந்த பிளாட்டுக்கு ரோடும் விளக்கும் போட மன்றத்தில் தீர்மானம் வரப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள். ரோடு போட்டுவிட்டால் வரத்துக்கால் போனது போனதுதான். மன்றத்தில் யாராவது ஒருத்தர் எழுந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்லுகிறவர் பிளாட்காரர் காசை வாங்காதவராக இருக்க வேண்டும். பெண்களுக்கு ஒதுக்கின வார்டு. நான் சுயேச்சையாக மனு போட்டேன்.

என் வீட்டுக்காரர் ஆசாரி வீட்டுப் பிள்ளை. அவர் அப்பா தங்கத்தில் நுணுக்கி நுணுக்கி வேலை பார்த்தார், இவர் செல்போனைப் பிரித்துப் போட்டு நுணுக்கிக்கொண்டிருக்கிறார். ஆனால் ஊரில் இவருக்கு மரியாதை மொய் எழுதுவதால்தான். காதுகுத்து, கல்யாணம், புதுவீடு எதுவானாலும் மேஜை போட்டு, நோட்டு வைத்து, மைக்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எந்த ஊர், யார் மகன், எவ்வளவு என்று எழுதி, எழுதினதைச் சத்தமாக வாசிப்பார். பத்து ரூபாய் பிசகியதாக யாரும் சொன்னதில்லை. இப்போதெல்லாம் சில விசேஷங்களில் கம்ப்யூட்டரில் பதிந்து ரசீது தருகிறார்கள். அதைப் பார்த்தால் இவருக்கு முகம் சுண்டிவிடும்.

மனு போட்ட மறுநாளே கடைக்கு வருகிறவர்கள் ரவிக்கைத் துணிக்குள் நூறு, இருநூறு என்று மடித்துவைத்து, “செலவுக்கு வச்சுக்க அக்கா” என்று நீட்ட ஆரம்பித்தார்கள். எனக்குச் சந்தோஷம், கூடவே பயம். யார் தந்தது, எவ்வளவு தந்தது என்று நாளைக்கு ஒருத்தர் கேட்டால் என்ன சொல்வது? வேட்பாளர் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு படிவம் வேறு தந்திருந்தார்கள். இவரிடம் கேட்டேன். இவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“மொய் நோட்டுப் போட்டுருவோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மைக்குல வாசிச்சுருவோம். ஊருக்கே தெரிஞ்சது அப்புறம் யாருக்குத் தெரிஞ்சா என்ன?”

மைக்குக்கு அனுமதி வாங்கி, கடை வாசலில் மேஜை போட்டோம். முதல் நாள் ஏழே பேர். டீக்கடைக்காரர் இருநூற்றொன்று என்று வாசித்ததும், எதிரே இட்லிக் கடை வைத்திருப்பவர் ஓடி வந்து இருநூற்றிரண்டு எழுதினார். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடின மாதிரி ஒரு கூட்டத்தை எங்கள் தெருவில் முன்னால் பார்த்ததில்லை. சீரியலை விட்டுவிட்டு வந்தார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மொய் என்றால் மொய்தான், தேர்தல் என்றாலும் மாறாது. ஒருவர் நூற்றொன்று கொடுத்துவிட்டு, “ஐநூத்தியொண்ணுன்னு வாசிங்க, மிச்சத்தை அப்புறம் தாரேன்” என்றார். இன்னொருவர் ஐநூறு தந்துவிட்டு, “நூறுன்னு வாசிங்கண்ணே, கடன் குடுத்தவுக அந்தா நிக்கிறாக” என்று கெஞ்சினார். எதிர் வேட்பாளருக்கு பூத் கமிட்டியில் இருந்த ஒருவர், தன் பேர் வெளியே தெரியாமலிருக்க, செத்துப்போன தன் அப்பா பேரில் எழுதச் சொன்னார். இறந்தவரிடம் மொய் வாங்கிப் பழக்கமில்லை என்று இவர் திருப்பிக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, மேலத் தெரு அக்கா ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“இந்தாத்தா, ஐநூத்தியொண்ணு எழுதிருக்கேன். என் மருமகன் அடுத்த எலெக்சன்ல நிப்பாக. நீ ஆயிரத்தியொண்ணா திருப்பி எழுதணும், மறந்துறாத.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சும்மா இருந்திருந்தால் இது எங்கள் தெரு வேடிக்கையாகவே முடிந்திருக்கும். ஆனால் ஜனங்கள் மற்ற இரண்டு வேட்பாளர்களிடமும், “ஒங்க மொய்ய எப்ப வாசிப்பீக?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஓட்டுக் கேட்டுப் போன இடமெல்லாம் இதே கேள்வி. தாங்க முடியாமல் அதில் ஒரு வேட்பாளர் தரப்பும் ஒரு நாள் மைக் கட்டி வாசித்தது. நாற்பது பேர், ஆளுக்குச் சொல்லிவைத்த மாதிரி நூற்றொன்று. அதில் இருவர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், ஒருவர் போன ஆடியில் காலமானார் என்று கூட்டமே எண்ணிச் சொல்லியது. வாசித்த தம்பி நோட்டை மூடிவிட்டு, மைக் மக்கர் செய்வதாகச் சொன்னான். காரைக்குடி செக்காலை அச்சகத்தில் அடித்த அவர்கள் நோட்டீசில் பிரதிகள் ஆயிரம் என்று அடியில் போட்டிருந்தது. அந்த ஆயிரத்தில்தான் எங்கள் டீக்கடை ஆறு மாதம் வடை மடித்துக் கொடுத்தும் தீரவில்லை.

அப்புறம்தான் மஞ்சப்பை வந்தது. பிளாட்காரரின் கணக்கப்பிள்ளை, மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து மேஜை மேல் பையை வைத்தார். ஐம்பதாயிரம். “மொதலாளி குடுக்கச் சொன்னாக. பேரு மட்டும் வேணாம்.”

இவர் நோட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றி, வழக்கமான குரலில் கேட்டார். “எந்த ஊரு? யாரு மகன்?”

“அதான் பேரு வேணாம்னேனே.”

“பேரில்லாம மொய் எழுதுனா நாளைக்கு நான் எந்த விசேசத்துல போய் உக்காருவேன்? தூக்கிக்கிட்டுப் போங்க.”

அன்று ஆறு மணிக்கு இவர் வாசித்தார்: “ஐம்பதாயிரம் வந்தது. பேர் சொல்ல மனமில்லாததால் வந்த வழியே திரும்பிப் போனது.” கூட்டம் கைதட்டியது. யாராக இருக்கும் என்று தெருவே ஆளாளுக்கு ஒரு பேர் சொன்னது. மறுநாள் காலையில் நகைக்கடைக்காரர் கடைக்கே வந்து, “நான் இல்லத்தா, நான் அங்குட்டு இருபதாயிரம் குடுத்தது வாஸ்தவம், ஒனக்குக் குடுக்கல” என்று தானாகவே ஒப்புக்கொண்டார். பார் எடுத்து நடத்துகிறவர், இரண்டு பக்கமும் கொடுத்ததாகவும் எனக்கு மட்டும் கொடுக்கவில்லை என்றும் சத்தியம் செய்தார். சந்தேகத்தைத் துடைப்பதாக நினைத்து ஒவ்வொருவராக வந்து அடுத்தவர் நோட்டை எனக்கு வாசித்துவிட்டுப் போனார்கள். நான் தைத்துக்கொண்டே கேட்டேன். அந்த இரண்டு நாளும் என் கால் தரையில் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் அதே கணக்கப்பிள்ளை தெருவில் என்னை நிறுத்தினார். நல்ல சிரிப்பு. “பை மட்டும் கசந்துருச்சாத்தா? ரவிக்கைக்கு வாங்குன முன்பணம் இனிச்சதாக்கும்?”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. மனு போடுவதற்கு முந்தின வாரம், காரில் வந்த, முன்பின் பார்த்திராத ஒரு அம்மா, வீட்டு விசேஷத்துக்குப் பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் போட நாற்பது ரவிக்கை தைக்கக் கொடுத்தார். முழுக் கூலி எட்டாயிரத்தையும் முன்பணமாகவே எண்ணி வைத்தார். யாராவது முழுக் கூலியை முன்னால் தருவார்களா? என் தையல் அவ்வளவு பேர் வாங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மனிதர்கள் ஏமாறுவதற்கு இதைவிட வசதியான நினைப்பு இல்லை. அந்த அம்மா பிளாட்காரர் வீட்டம்மா. நான் மனு போடப்போகிறேன் என்று அதற்குள் ஊர் முழுக்கப் பேச்சு. அந்த எட்டாயிரத்தில்தான் டெபாசிட் கட்டினேன், நோட்டீஸ் அடித்தேன், மைக் செட்டுக்கு வாடகை கொடுத்தேன். பிளாட்காரர் காசு வேண்டாம் என்று பிளாட்காரர் காசில் எடுத்த மைக்கில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபம், என் மேலேயே. திருப்பிக் கொடுக்கலாம் என்றால் கையில் காசில்லை, வெட்டின துணியையும் ஒட்டவைக்க முடியாது. வீட்டுக்குப் போய் இவரிடம் சண்டைக்கு நின்றேன்.

“தையல் கூலி எப்படி மொய்யாகும்? நான் வேலை பாக்குறேன், அவுக காசு குடுக்குறாக. யாவாரம்.”

“யாவாரம்னா சரி. அப்ப ஏன் மத்தியானத்துலேருந்து மிசினுல உக்காராம நிக்கிற?”

இதை ஊருக்கு நான் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். ஜெயிப்பேன். மன்றத்துக்குப் போவேன். தீர்மானம் வரும். எழுந்திருப்பேன். கணக்கப்பிள்ளை வாசலில் நின்று அந்தச் சிரிப்பைச் சிரிப்பார். நான் உட்கார்ந்துவிடுவேன். சொன்னால் என்ன ஆகும்? கைதட்டின கூட்டமே காறித் துப்பும், தோற்பேன். இரண்டும் பிடிக்கவில்லை. எனக்கு ஜெயிக்க வேண்டும் போல இருந்தது, அதுவும் ரொம்ப.

பிரச்சாரம் முடிகிற நாள் சாயங்காலம், ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்னால், இவர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். நானே வாசித்தேன். “பிளாட் போட்டவர் வீட்டம்மா, நாற்பது ரவிக்கைக்கு முழுக் கூலி எட்டாயிரம். அது யார் என்று தெரியாமல் வாங்கினேன். தெரிந்து மூன்று நாள் ஆகிறது, சொல்லாமல் இருந்தேன். அதில்தான் டெபாசிட் கட்டினேன். இந்த மைக்கும் அந்தக் காசுதான்.”

நகைக்கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சிலர் அவர் பின்னாலேயே போனார்கள். அப்போது மேலத் தெரு அக்கா பின்வரிசையிலிருந்து கத்தினாள்.

“ஏண்டி, அப்ப என் ரவிக்கைய மூணு வாரமாத் தைக்காம, அந்த நாப்பதைத்தான் தச்சுக்கிட்டிருக்கியா?”

சிரிப்பு எங்கிருந்தோ கிளம்பிக் கூட்டம் முழுக்கப் பரவியது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு. ஜெயிப்பேன் என்று அப்போதும் நம்பவில்லை.

பதினோரு ஓட்டில் ஜெயித்தேன். நாங்கள் முன்னால் கணக்குப் போட்டு வைத்திருந்த ஓட்டு வித்தியாசத்தில் பாதிக்குமேல் குறைந்துபோயிருந்தது. அந்த ஒரு வாசிப்புக்கு நான் கொடுத்த விலை அது. நாற்பது ரவிக்கையையும் தைத்துக் காரில் ஏற்றிவிட்டேன். ஒன்றுக்குக்கூட அளவு சரியில்லை என்று குறை சொல்லி யாரும் வரவில்லை. செலவுக் கணக்கோடு மொய் நோட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அலுவலகத்தில் இருந்தவர் ரவிக்கைக் கூலியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் இதர வரவு என்று எழுதிக்கொண்டு நோட்டைத் திருப்பித் தந்தார்.

இரண்டாவது கூட்டத்திலேயே ரோட்டுத் தீர்மானம் வந்தது. வாசித்து முடிக்கும் முன்னால் எழுந்தேன். வரத்துக்கால், ஊருணி, என் கடையில் நனைந்த அறுபது பேர் துணி எல்லாவற்றையும் சொன்னேன். எதிர் வரிசையில் ஒரு கவுன்சிலர், நாற்காலியில் சாய்ந்தபடி, மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்.

“ரவிக்கைக் காசுல ஜெயிச்சவுக எல்லாம் பேச வந்துட்டாக.”

இந்த வார்த்தைக்குப் பயந்துதான் மூன்று நாள் வாயைத் திறக்காமல் கிடந்தேன். வந்தே விட்டது. ஆச்சரியம், வலிக்கவில்லை. ஊரே மைக்கில் கேட்ட சங்கதியை அவர் ஏதோ ரகசியம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஆமாண்ணே, நாப்பது ரவிக்கை, எட்டாயிரம். நான்தான் வாசிச்சேன்” என்றேன். பையிலிருந்து மொய் நோட்டை எடுத்துப் புதுப் பக்கம் பிரித்தேன். “ஒங்களுக்கு யாரு குடுத்தாக, எவ்வளவு? சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பதாகத் தலைவர் சொல்லும்வரை நான் பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.