வாசலில் நின்று எழுதிய அறிக்கை

பிணக்கூறாய்வு செய்த மருத்துவர் என்று என்னை யாரேனும் அறிமுகப்படுத்தினால், பக்கத்தில் அமர்ந்திருப்பவர் நாற்காலியைச் சற்றே நகர்த்திக்கொள்வார். அவரை நான் குறை கூறியதில்லை. நானும் விலகி நின்றவன்தான்.

எங்கள் அரசு மருத்துவமனைப் பிணவறையில் ஒரு வழக்கம் இருந்தது. உடலை அறுக்க வேண்டியவர் மருத்துவர் என்பது விதி, அறுத்தவரோ பணியாளர். மருத்துவர் வாசலில் நின்று, அவர் தூக்கிக் காட்டுவதைப் பார்த்துக் குறிப்பெழுதுவார். ராஜபாளையத்தில் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையுடன் பேருந்து ஏறிய எனக்கு அவ்வழக்கம் வசதியாகவே இருந்தது. குளிர்பெட்டி பழுதான கோடைகளில் அங்கே எழுந்த நாற்றத்தை எழுத்தில் வைக்க இயலாது. கால்வைத்தால் தரை ஒட்டும். ஈக்கள் உதட்டில் வந்து அமரும். தைலம் தோய்த்த கைக்குட்டையை மூக்கிலிருந்து நான் எடுத்ததே இல்லை.

ஒருநாள் காலை, வத்திராயிருப்புப் பக்கத்து மாந்தோப்பில் இறந்து கிடந்த இளம்பெண் ஒருத்தியின் உடல் வந்தது. வாயில் நுரை. பூச்சிமருந்தின் நெடி கைக்குட்டையையும் மீறி வந்தது. கணவனே விஷம் புகட்டிவிட்டான் என்று அவளுடைய அண்ணன் புகார் கொடுத்திருந்தார். அந்தக் கணவன் வெளியே போலீஸ் ஜீப்பில் குனிந்து உட்கார்ந்திருந்தான். "விஷம்தான்" என்று, கத்தி படும் முன்பே, ஆய்வாளரிடம் சொல்லிவிட்டேன்.

வயிற்றைத் திறந்த பணியாளர் நெடுநேரம் நிமிரவில்லை.

"என்ன, சீக்கிரம் முடிங்க."

"வகுத்துல மருந்து வாடையே இல்லையேய்யா. நாத்தம் பூரா சேலையிலல்லா இருக்கு. தோப்புல மருந்தடிச்ச பிள்ள போல."

"வாடையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்க அறுங்க."

"அங்ஙன நின்னா என் முதுகுதான்யா தெரியும். செத்த உள்ள வாங்க."

அவர் குரலில் மரியாதை குறையவில்லை. அதுவே என்னைச் சுட்டது. உள்ளே சென்றேன். சுமங்கலிப் பெண் என்பதால், காவலர் வருமுன்பே உறவினர் அவள் பாதங்களில் மஞ்சளை அப்பியிருந்தனர். பணியாளர் தண்ணீர் ஊற்றி அதைத் துடைத்தார், மெட்டியைக் கழற்றினார். மெட்டி இருந்த இடத்தருகே இரண்டு சிறு புள்ளிகள். நானே கத்தியை வாங்கிக் கீறினேன். தோலுக்கடியில் இரத்தம் கறுத்துக் கட்டியிருந்தது. பாம்புக்கடி.

அடுத்து நான் எண்ணியது அந்தக் கணவனைப் பற்றி அல்ல. காலையில் சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது என்பதையே எண்ணினேன். புள்ளிகளைக் குறிக்காமல், ஆய்வக முடிவு வரட்டும் என்று எழுதிவிட்டால் என் சொல் பொய்யாகாது. முடிவு வர மாதங்கள் ஆகும். அதுவரை அவன் சிறையில் இருப்பான். பேனாவைத் திறந்து சில நிமிடங்கள் அப்படியே நின்றேன். பணியாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மஞ்சள் கலந்த தண்ணீரைச் சாக்கடைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

புள்ளிகளைக் குறித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"பாம்பு கடித்திருக்கிறது. காலையில் நான் சொன்னதை விட்டுவிடுங்கள்."

"எழுதித் தருவீங்களா டாக்டர்?" என்றார் ஆய்வாளர்.

"எழுதித்தான் தருகிறேன்."

கணவனை இறக்கிவிட்டார்கள். அவன் தள்ளாடி வந்து, "அய்யா நல்லாருக்கணும். நீங்க இல்லேன்னா நான் செத்தேன்" என்று காலில் விழுந்தான். கையைக் கழுவியபடி பணியாளர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். "எழுந்திரு" என்று மட்டும் சொன்னேன்.

"மெட்டியத் திரும்பப் போட்டுட்டீகளாய்யா?" என்று அவன் என்னைத்தான் கேட்டான். எனக்குத் தெரியவில்லை.

"போட்டாச்சுலே, போ" என்றார் பணியாளர்.

அறிக்கையில் 'நான் அறுத்து ஆராய்ந்ததில் கண்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். படிவத்தில் பணியாளர் பெயருக்கு இடமில்லை. ஓய்வுபெறும்வரை அதன்பின் நானே அறுத்தேன். சட்டைகள் பல கெட்டன. ஆனால் அந்த ஒரு வரியை நினைக்கையில் எழும் அருவருப்பை எந்தச் சவுக்காரமும் போக்கவில்லை.