அவள் சொன்ன களவு

என் மனைவி இறந்து ஓராண்டு கடந்துவிட்டது. அவளுடைய கைத்தொலைபேசியை நான் இன்னும் அணைக்கவில்லை. பொத்தான்கள் வைத்த பழைய தொலைபேசி. பற்றரி இறங்கினால் சார்ஜ் போட்டு, சாப்பாட்டு மேசையில் அவள் இருக்கும் பக்கத்தில் வைத்துவிடுவேன். குறுஞ்செய்தி வந்தால் குருவி கத்துவது போல ஒரு சத்தம் போடும். அவள் உயிரோடு இருந்தபோது, அந்தச் சத்தம் கேட்டால் அடுத்து அவள் வருவாள். தொலைபேசியை என் முகத்துக்கு முன்னால் நீட்டுவாள். "பாத்தீங்களா?" என்பாள்.

நான் பார்க்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண். மனதில் ஏதும் கிடந்தால் கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்று சொல்லிவிட்டு வருவாள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து அவளைக் கட்டிய சைவக்காரன். எனக்கு அப்படிப் போய்ச் சொல்ல ஓர் இடம் இல்லை.

நான் வேலை செய்தது காப்புறுதிக் கம்பனியில், நட்டஈடு கேட்டு வருபவர்களை விசாரிக்கும் பகுதியில். வாகனம் மோதியது, கடை எரிந்தது, நகை களவு போனது என்று வருவார்கள். எப்போது, எங்கே, யார் கண்டது என்று நான் கேட்பேன். பதில் தடுமாறினால் கோப்பை மூடிவிடலாம். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்துகளை விரலால் காட்டி, "இதை வாசிக்காமலோ கையெழுத்து வைச்சனீங்கள்?" என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அவள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் தட்டெழுத்தாளராக இருந்தாள். ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதிப் பணத்தைத் தன் பெயரில் வங்கியில் போட்டிருந்தாள். இடைக்கிடை பஸ் ஓடும் காலி வீதிக்குப் போய், வங்கி மெஷினில் கார்டைப் போட்டு மீதியைப் பார்த்துவிட்டு வருவாள். பேரப்பிள்ளைக்குச் சங்கிலி வாங்கவும் கோயில் திருநாளுக்குக் கொடுக்கவும் அவள் என்னைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அது அவளுக்குப் பெருமை.

மகள் கனடாவில் இருக்கிறாள். வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில், இந்த ஃபிளட்டை எங்களுக்கு வாங்கித் தந்தது அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். தாய் எழுந்து குசினிக்குப் போனதும் மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, அம்மா கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேக்கிறா. நீங்கள் கவனிக்கேல்லையோ? ஒருக்கா டொக்டரிட்ட காட்டுங்கோ."

"வயசு போனா எல்லாருக்கும் வாறதுதானே."

"அதை டொக்டர் சொல்லட்டும் அப்பா."

நான் கவனித்துத்தான் இருந்தேன். பால் பொங்கி வழிந்தபடி இருக்க அவள் பல்கனியில் நின்று ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தேங்காய் வாங்கப் போய் வெறுங்கையோடு வருவாள். ஆனால் எங்கள் தொடர்மாடியில் யார் எந்த டொக்டரிடம் போனார்கள் என்பது லிஃப்ட் மேலே போய்ச் சேர்வதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவளைப் பற்றி அங்கே யாரும் கதைப்பதை நான் விரும்பவில்லை. அதைவிட, தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான், மகள் வீடியோவில் பேசுவதற்கென்று அனுப்பிய டெப்பில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. உங்கள் ஞாபக சக்திக்கு என்ன வயது, சில நிமிடங்களில் அறிந்துகொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. வீட்டுக்குள்ளேயே, ஒருவருக்கும் தெரியாமல் பார்த்துவிடலாம். அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினேன்.

"என்ன இது?"

"ஒரு விளையாட்டு. இரும்."

முதலில் படங்கள் காட்டினார்கள். வளையத்தில் கோத்த ஒரு திறப்பு, ஒரு குடை, ஒரு மீன். பிறகு, காட்டிய படங்களைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். அவள் விரல் திரைக்கு மேலே நின்று அலைந்தது. பொறுக்க முடியாமல் நானே குடையை அமத்தினேன். அடுத்ததையும் நானே அமத்தினேன்.

அவள் சிரித்தாள். "நீங்களே எல்லாத்தையும் செய்றீங்க. என்ட பேருல நீங்க பாஸ் பண்ணப் போறீங்க."

கடைசியில் பெயர் கேட்டது. அவளுடைய பெயரைக் கொடுத்தேன். பெறுபேற்றைப் பார்க்க ஒரு சிறு தொகை கட்ட வேண்டும் என்றது. காலி வீதியில் ஒரு தேத்தண்ணியும் வடையும் வாங்கும் காசு. என்னுடைய கார்டை அது ஏற்கவில்லை. அவள் எழுந்து போனதும் அவளுடைய கைப்பையிலிருந்து அவளுடைய கார்டை எடுத்தேன். வங்கி அனுப்பும் ரகசிய எண் அவளுடைய தொலைபேசிக்குத்தான் வரும்.

"உம்மட ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். வாசியும்."

"என்ன நம்பர்?"

"தண்ணி பில் கட்டுறன்."

அவள் ஒவ்வோர் இலக்கமாக, முன்பு அலுவலகத்தில் வாசித்ததைப் போல, தெளிவாக வாசித்தாள்.

ஞாபகம் வயதைவிட இளமையாக இருக்கிறது என்று பெறுபேறு வந்தது. மேலே ஒரு கிரீடம் வரைந்திருந்தார்கள். அதைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். அவளுக்கு மிகுந்த சந்தோஷம். டொக்டர் கதை அதோடு நின்றது. அது என்னுடைய பெறுபேறு என்று நான் சொல்லவில்லை.

பிறகு கொஞ்ச காலத்தில் மனைவி சொல்லத் தொடங்கினாள்.

"என்ட சல்லிய யாரோ எடுக்குறாங்க."

கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவளுக்குக் காசு எப்போதும் சல்லிதான்.

"ஆர் எடுக்கினம்?"

"தெரியா."

"எப்ப?"

"மாசா மாசம்."

"எவ்வளவு?"

ஒரு தொகை சொன்னாள். இன்னொரு நாள் கேட்டபோது வேறொரு தொகை சொன்னாள். "முந்தி வேறயெல்லோ சொன்னீர்?" என்றேன். அவள் தடுமாறினாள். கம்பனியில் செய்தது போலவே கோப்பை மூடினேன்.

அவள் விடவில்லை. குருவிச் சத்தம் கேட்டதும் தொலைபேசியைக் கொண்டு வருவாள். சாப்பிட இருக்கும் நேரமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். "இதுல வந்திருக்கு. பாருங்க." உள்ளே கடன் விளம்பரமும் விலைக்கழிவு விளம்பரமும் தொலைபேசிக் கம்பனிச் செய்திகளுமாக நிறைந்து கிடக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். "எல்லாம் விளம்பரம். பிறகு பாப்பம், முதல்ல சாப்பிடும்." அவளுக்கு உதவி செய்வதாகவே நினைத்தேன்.

அவள் கைப்பையை ஒளிக்கத் தொடங்கினாள். ஒரு நாள் அரிசி வாளிக்குள் இருந்து எடுத்தேன். அன்றைக்குத்தான், அரிசியைத் தட்டிவிட்டபடி, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்கதான்."

"என்ன நான்?"

"நீங்கதானே நம்பர் கேட்டீங்க. தண்ணி பில்லுண்டு சொன்னீங்க. தண்ணி பில் நான்தானே கட்டுறது."

அந்த இலக்கக் கதையை நான் மறந்துபோயிருந்தேன் என்று எழுத எனக்கு ஆசை. அது உண்மையில்லை. அவள் சொன்ன கணமே ஞாபகம் வந்தது. ஆனால் அது ஒரே ஒரு தரம் கட்டிய சிறு தொகை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிளறினால் அந்தச் சோதனையைப் பற்றி மகளிடம் சொல்ல வேண்டிவரும். "உமக்கு மூளை மாறாட்டம்," என்றேன். அவளுக்கு நான் சொன்ன சொற்களில் அதைத்தான் இப்போது அதிகம் கேட்கிறேன். லிஃப்ட் கதவு மூடும்போது கேட்கிறது. ரயில் போய் அடங்கிய பிறகு கேட்கிறது.

மகளிடம் சொன்னேன், என்னையே கள்ளன் என்கிறாள் என்று. "உங்களையுமா அப்பா?" என்று அவள் அழுதாள். அங்கிருந்தபடியே டொக்டரிடம் நாள் எடுத்துத் தந்தாள்.

டொக்டர் நல்ல மனிதர். சாமான், காசு களவு போவதாக அம்மா சொல்வதுண்டா என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். எதிர்பார்த்த பதில் கிடைத்தவர் போலத் தலையாட்டினார்.

"நான் சும்மா சொல்லல்ல டொக்டர்," என்றாள் அவள்.

"சரி அம்மா. யார் எடுக்குறாங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தாள். "தெரியா," என்றாள்.

திரும்பி வரும்போது, ஓட்டோவின் சத்தத்துக்குள், என் காதருகே சொன்னாள்: "வெளி ஆக்களுக்கு முன்னால உங்கள எப்பிடிச் சொல்றது?"

அவளுக்கு ஞாபகம் குறையும் வருத்தம் இருந்தது உண்மைதான். கொடுத்த மாத்திரைகள் தேவையாகவும் இருந்திருக்கலாம். அவை அவளை அடக்கின. பின்னேரம் முழுக்கக் கதிரையில் சாய்ந்து கிடப்பாள். குருவிச் சத்தம் கேட்டாலும் எழும்பமாட்டாள். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியை நான் விரும்பினேன் என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு நெஞ்சுச் சளி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

அவளைப் பொரளையில் அடக்கம் செய்து சில கிழமைகள் போயிருக்கும். மத்தியானம். தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேசையில் தொலைபேசி சத்தம் போட்டது. கையிலிருந்த கவளத்தைச் சோற்றுக் கோப்பையில் வைத்தேன். யாரும் வரவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, அவளுடைய தொலைபேசிக்கு வந்த ஒரு செய்தியை முதன்முறையாக வாசித்தேன்.

வங்கியின் செய்தி. அவளுடைய கார்டிலிருந்து வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குப் பணம் போயிருந்தது. எங்களுடைய ஒரு மாத மருந்துச் செலவுக்குக் கிட்ட வரும் தொகை.

டெப்பைத் திறந்து அந்தச் சோதனையைத் தேடிப் பிடித்தேன். பணம் கட்டும் பொத்தானுக்குக் கீழே, சாம்பல் நிறத்தில், கண்ணருகே பிடித்தால்தான் தெரியும் அளவில் எழுதியிருந்தது. சிறு தொகை முதல் சில நாட்களுக்கு மட்டும். அதன் பின் நிறுத்தும் வரை மாதாமாதம் முழுச் சந்தா அறவிடப்படும். அதே டெப்பில் அவளுடைய பெயருக்கு அந்தக் கம்பனியின் செய்திகளும் குவிந்து கிடந்தன. கடைசியாக வந்தது, உங்களைக் கன நாளாகக் காணவில்லையே, உங்கள் ஞாபகங்கள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன என்று சொன்னது.

வங்கிக்குப் போனேன். சிங்களப் பிள்ளை ஒருத்தி, ஆங்கிலமும் சிங்களமுமாக, கணக்கைத் திரையில் திருப்பிக் காட்டினாள். முதலில் ஒரு சின்னத் தொகை. பிறகு மாதாமாதம் பெரிய தொகை. டொலர் விலை ஏறி இறங்குவதால் ஒவ்வொரு மாதமும் அது கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது. மனைவி என்னிடம் சொன்ன இரண்டு தொகைகளும் அதில் இருந்தன.

"போன பணம் திரும்பாது அங்கிள். ரகசிய எண் கொடுத்திருக்கிறார்கள்," என்றாள் அந்தப் பிள்ளை. "ஆன்ட்டி தெரியாமல் கொடுத்திருப்பார். வயதானவர்கள் இப்படித்தான், பாவம்."

"ஓம்," என்றேன்.

கார்டை நிறுத்திவிட்டு வெளியே வந்து, காலி வீதியில் பஸ்கள் போவதைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றேன். அவள் உயிரோடு இருந்தபோது அவளை நம்பவில்லை. இப்போது, இறந்தவள் மேல் பழியையும் போட்டுவிட்டேன். யாரிடமாவது, ஒரு தரமாவது, அவள் சொன்னது சரி என்று சொல்லிவிட வேண்டும் என்பதைத் தவிர அதன் பிறகு எனக்கு வேறு எண்ணம் இருக்கவில்லை.

ஆண்டு நினைவுப் பூசை கொட்டாஞ்சேனையில் நடந்தது. பூசை முடிந்து அவளுடைய தங்கச்சி வீட்டில் சாப்பாடு. மகளும் வீடியோவில் இருந்தாள். தொலைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தார்கள். தங்கச்சி அக்காவின் கதைகளைச் சொல்லிக்கொண்டு பரிமாறினாள். அரிசி வாளிக் கதைக்கு வந்தாள்.

"கைப்பைய அரிசிக்குள்ள பொதச்சி வச்சிட்டு, அத்தானத் திருடன்னு பிடிச்சிட்டா. இந்த மனுசன் ஒரு கடலை கூடத் திருட மாட்டாரு, பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்புத்தான். மகளும் கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள்.

"அவ சொன்னது சரி," என்றேன். "காசு போய்க்கொண்டுதான் இருந்தது. நான்தான் அவவின்ர கார்டைக் குடுத்தனான். பொய் சொல்லி நம்பர் வாங்கினனான்."

சிரிப்பு நின்றது. டெப், சோதனை, படங்கள், மாதாமாதம் போன காசு என்று எல்லாவற்றையும் சொல்லப் பார்த்தேன். ஒழுங்காக வரவில்லை. முன்னுக்கு நடந்ததைப் பின்னுக்குச் சொன்னேன். எவ்வளவு போனது என்று யாரோ கேட்டார்கள். ஒரு தொகை சொன்னேன். பிறகு, இல்லை, அது வேறு மாதம் என்று திருத்தினேன்.

தங்கச்சி திரையில் இருந்த மகளைப் பார்த்தாள். மகள் தங்கச்சியைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மனைவியின் தலைக்கு மேலால் மகளும் நானும் பார்த்துக்கொண்ட பார்வை அது.

"அப்பா," என்றாள் மகள், மிகவும் மெதுவாக. "அம்மாவுக்கு வருத்தம்தானே. நீங்கள் ஏன் உங்களைப் போட்டு வருத்துறீங்கள்? தனிய இருந்து யோசிச்சு யோசிச்சு... ஒருக்கா டொக்டரிட்ட காட்டுவமோ?"

"வங்கிச் செய்தி இருக்கு. ஃபோன் என்ர பொக்கெட்டுக்குள்ளதான் இருக்கு. பாருங்கோ." அவளுடைய பழைய தொலைபேசியை எடுத்துத் தங்கச்சியின் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

அவள் அதை என் கையிலிருந்து மெல்ல வாங்கி, திறந்து பாராமலே, மகளின் முகம் தெரிந்த தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தாள். என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

"பிறகு பாப்போம் அத்தான். முதல்ல சாப்பிடுங்க."

நான் சாப்பிட்டேன்.