ஊசி நின்றபின் வந்த பசி

உணவு ஆலோசகர் வேலையில் நாம் சொல்வதை யாரும் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டதை யாரும் சொல்வதில்லை. இதே தொழிலில் தவிப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனது நான். இப்போது அம்பத்தூரில் ஒரு சின்ன கிளினிக்கில் இருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை: "வயிறாரச் சாப்பிடாதேன்னு சொல்றதுக்கா இவ்ளோ படிச்சே?"

பசி எங்கே போயிருந்தது?

வசந்தா அக்கா ஆவடி குவார்ட்டர்ஸில் இருப்பவர். கணவருக்கு ஃபேக்டரி வேலை. எடை குறைக்கும் ஊசி போட்டு நன்றாகவே மெலிந்திருந்தார். டாக்டர் ஊசியை நிறுத்தி என்னிடம் அனுப்பினார். அழகைப் பற்றி அக்காவுக்குக் கவலையில்லை. ஆவடி ஸ்டேஷன் மேம்பாலப் படியை நடுவில் உட்காராமல் ஏற இப்போதுதான் முடிகிறது. அது போய்விடக் கூடாது.

"பசி வந்துடுச்சும்மா" என்றார், ஏதோ நோயைச் சொல்வதுபோல் ரகசியமாக. "இவ்ளோ நாள் அது எங்க போயிருந்துச்சு?"

மருந்து அடக்கி வைத்திருந்தது, நிறுத்தினால் திரும்புவது இயல்புதான், எடையும் கொஞ்சம் திரும்பலாம் என்று உள்ளதைச் சொன்னேன். முட்டை, சுண்டல், காய் இவற்றை முதலில் சாப்பிடுங்கள், தினமும் நடங்கள், காலுக்கு வலு தரும் பயிற்சியை விடாதீர்கள் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்ப இனிமே பசியோட நான்தான் குடித்தனம் நடத்தணும்."

எடை பார்க்கும் நாள்

எடை பார்க்கும் நாளில் எங்கள் கிளினிக்குக்கு எல்லோரும் பட்டினியாகத்தான் வருவார்கள். வசந்தா அக்கா முந்தின ராத்திரியும் சாப்பிட மாட்டார். எடை குறைந்திருக்கும். அந்தச் சந்தோஷத்தில் நேராக எதிர்க்கடை பஜ்ஜிக்குப் போவார். இனி இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தால்தான் எடை பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டு வந்தார். ஆனால் மெஷின் முன்னால் நின்று வளையல், ஹேர்பின், கைக்குட்டை என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் அடுக்கினார். ரிசப்ஷனில் இருக்கும் தேவி அக்காவால் பொறுக்க முடியவில்லை: "இன்னாக்கா, வுட்டா கொண்டையையும் அறுத்து வெச்சுட்டுதான் ஏறுவ போலக் கீது!"

அவர் சாப்பாடு

அப்படியும் எடை மெல்ல ஏறியது. என் ஆலோசனையில்தான் தப்போ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த முறை, என்ன சாப்பிட்டீர்கள் என்பதை விட்டுவிட்டு, பசி எப்போது வருகிறது என்று கேட்டேன். அவருக்கே அது புதுக் கேள்வி.

"அவர் ஷிப்ட் முடிஞ்சு வர்ற நேரம்."

அந்த நேரத்துக்கு வீட்டில் தினமும் போண்டாவோ வடையோ உண்டாம். இவரும் கூட உட்காருவாராம். இதை ஏன் இதுவரை சொல்லவில்லை என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "அது அவர் சாப்பாடும்மா. தனியா சாப்பிடுறாரேன்னு நான் துணைக்கு உக்காருவேன், அவ்ளோதான்."

எனக்கா, அவளுக்கா?

கணவர் வேலை முடிந்து வந்ததும் இருவரும் ஒரு நடை போய்வாருங்கள், பிறகு சேர்ந்தே சுண்டல் சாப்பிடுங்கள் என்றேன். அடுத்த வாரம் என் எதிரே உட்கார்ந்தது வசந்தா அக்காவின் கணவர்.

"ஒரு சந்தேகம் மேடம். ஊசியை நிறுத்துனது அவளுக்கு. வடையை நிறுத்துனது மட்டும் எனக்கா?"

மேம்பாலத்தில்

பிறகு வசந்தா அக்கா வரவில்லை. எல்லாம் பழையபடி ஆகிவிட்டதோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் ஆவடியில் இறங்கினேன். மேம்பாலப் படியில், காய்கறிப் பையோடு பாதி வழியில் நின்றிருந்தார். எடை எப்படி என்று கேட்டேன்.

"கொஞ்சம் கூடித்தான் இருக்கு."

கால் வலிக்கிறதா, ஏன் நின்றுவிட்டீர்கள் என்றேன். அவர் கீழே காட்டினார். கைப்பிடியைப் பிடித்தபடி கணவர் மூச்சுவாங்க வந்துகொண்டிருந்தார்.

"எனக்கென்ன, நான் ஒரே மூச்சுல ஏறிடுவேன். அவரைத் தனியா விட்டா அங்கேயே உக்காந்துடுவாரும்மா, அதான் துணைக்கு நிக்கிறேன்."

பசியை அடக்க ஊசி வந்துவிட்டது, துணைக்கு உட்கார்ந்து சாப்பிடுவதை அடக்க இன்னும் எதுவும் வரவில்லை என்பதால்தான் என் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது.