பிளக்கில் வைத்த பொட்டு

என் மகனை ரேடியோ தூக்கியெறிந்த அன்று, அந்த ரேடியோ வேலை செய்யவே இல்லை. அதைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அறுபதுகளில் செஞ்சி கடைவீதியில் என் கணவர் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார், நிலக்கடலை வியாபாரம். வீட்டில் ஒரு வால்வு ரேடியோ. ஆயுத பூஜைக்குத் தராசு, படிக்கற்களோடு அதையும் பிளக்கை உருவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார். அந்த வருஷமும் வைத்தார். மறுநாள் பிளக்கைச் செருகினார். இரண்டே முள், எப்படித் திருப்பினாலும் நுழையும்.

அன்று முதல், பெட்டியைத் துடைக்கும்போது பின்பக்கத் திருகாணி சுருக்கென்றது.

"ஏங்க, ஷாக் அடிக்குதுங்க."

"ஈரக் கையோட தொட்டிருப்ப. பாடுதில்ல? அப்புறம் இன்னா?"

ஈரக் கைதானோ என்று நானும் இருந்துவிட்டேன். இருந்திருக்கக் கூடாது.

ஒரு வாரத்தில் ஃபியூஸ் போய் ரேடியோ நின்றது. கடைவீதி மெக்கானிக் வந்து முன்பக்கக் குமிழை உருவிப் பார்த்தார். உள்ளிருந்த இரும்புத் தண்டை அப்படியே நீட்டிக்கொண்டிருக்க விட்டு, புது ஃபியூஸ் விழுப்புரத்திலிருந்து வர வேண்டும் என்றார்.

"அதுவரைக்கும் பிளக்கைப் புடுங்கிடட்டுமாண்ணே?"

"இன்னாத்துக்கும்மா? பியூஸ் போனா செத்த பெட்டி. செத்த மாடு முட்டுமா?"

"படிச்ச பொண்டாட்டிண்ணே, எதுக்கெடுத்தாலும் கேள்வி" என்று என் கணவர் சிரித்தார். பிளக்கை அப்படியே விட்டேன்.

இரண்டாம் நாள், பத்து மாதப் பிள்ளை மேசையைப் பிடித்து எழுந்து அந்தத் தண்டைத் தொட்டான். சிமெண்டுத் தரையில் மல்லாந்து விழுந்தான். உடனே அழவில்லை. அவன் அழும்வரை நான் உயிரோடு இல்லை.

மாலையில் ஃபியூஸோடு வந்த மெக்கானிக்கிடம் டெஸ்டரை வாங்கித் தண்டில் வைத்தேன். ஃபியூஸே இல்லாத பெட்டியில் டெஸ்டர் சிவப்பாக எரிந்தது. பிளக்கைத் திருப்பிச் செருகினேன். எரியவில்லை. கரண்டு வரும் கம்பியில்தான் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்று பள்ளியில் படித்தது அப்போதுதான் உறைத்தது. பூஜைக்குப் பிறகு பிளக் மாறிச் செருகியதில் ஃபியூஸ் கரண்டு திரும்பிப் போகும் கம்பியிலாகி, கரண்டு வரும் கம்பி பெட்டியின் இரும்போடு நேராகச் சேர்ந்துவிட்டது. ஃபியூஸ் அறுந்தபோது பாட்டு நின்றதே தவிர, கரண்டு பெட்டியின் இரும்பில் அப்படியே நின்றது.

"திருப்பிப் போட்டா சரியாப் போச்சேம்மா" என்றார் மெக்கானிக். "ஆம்பளப் புள்ள, தாங்கிட்டான்."

"தாங்கறதுக்கா பெத்தேன்?"

தப்பு என்று ஒரு வார்த்தை யாரிடமிருந்தும் வரவில்லை. எப்படியும் நுழையும் பிளக்கைச் செய்தவனை எங்கே போய்க் கேட்பது? சரியான பக்கம் தெரிய, பிளக்கிலும் சுவர்ப் பலகையிலும் நேருக்கு நேராகக் குங்குமம் வைத்தேன். டெஸ்டர் ஒன்றும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஆயுத பூஜையில் என் கணவர் பிளக்கை ஈரத் துணியால் அழுத்தித் துடைத்து, மறுபக்கத்தில் பொட்டு வைத்தார்.

"பழசை அழிச்சிட்டுப் புதுசா, பெரிசா வெச்சிருக்கேன், பாரு."

பிளக்கை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். செருகி, டெஸ்டரைத் திருகாணியில் வைத்துச் சரியான பக்கம் பார்த்து, மறுபடி உருவி, பூஜையில் இருந்த அரத்தை எடுத்தேன்.

"பூஜைச் சாமான்டி, இன்னிக்குத் தொடக் கூடாது!"

நான் நிமிரவில்லை. பிளக்கின் சரியான பக்கத்தில், எந்தத் துணியாலும் அழிக்க முடியாத ஆழத்துக்குக் கோடு விழும்வரை ராவினேன்.