மூட்டையின் மூளைக்கு ஒரு பரீட்சை

மருந்துக் கிடங்கில் அவனை எல்லோரும் மூட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். வயது இருபத்தாறு, எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. எந்த மருந்து எந்த வரிசையில், எத்தனையாவது தட்டில் என்று கேட்டால், கம்ப்யூட்டர் முழித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடுவான். கம்ப்யூட்டருக்கு மட்டும் யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

ஆறு வருஷம் நின்றே வேலை பார்த்தவனுக்கு சூப்பர்வைசர் பதவிமேல் ஒரு கண். சம்பளம்கூட அப்புறம்தான், அந்தப் பதவிக்கு ஒரு நாற்காலி உண்டு. அவன் முழங்கால் வலிக்கு அதைவிட நல்ல மருந்து அந்தக் கிடங்கிலேயே கிடையாது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் ஒரு கட்டுரையைப் படித்துத் தொலைத்தார். உடல் பருத்த இளைஞர்களில் சிலருக்குக் கவனமும் ஞாபகமும் கொஞ்சம் குறையலாம் என்று அதில் இருந்தது. 'சிலர்', 'கொஞ்சம்' இரண்டையும் வழியிலேயே தொலைத்துவிட்டு வந்தார் மனிதர்.

"இனிமே பதவி உயர்வுக்கு எடையும் பாப்போம், மூளையும் பாப்போம்."

அவருக்கும் தொப்பை உண்டு. ஆனால் வயது ஐம்பத்திரண்டு. கட்டுரை இளைஞர்களைப் பற்றியதாம்.

மூட்டை இரண்டு நாள் பட்டினி கிடந்தான்.

"பரீட்சை மூளைக்குத்தானேடா? வயித்த ஏன் காயப்போடுற?" என்று அக்கா திட்டினாள்.

"எடையையும் எழுதுவாங்கக்கா. ரெண்டு கிலோவாவது இறக்கிடணும்."

இறக்கிவிட்டான். தராசில் நூற்றுப் பதினாறு. பிறகு இருபது படங்களைக் காட்டி மறைத்தார்கள். தலை சுற்றியது. அவன் ஞாபகத்தில் நின்றவை மூன்றே மூன்று: ரொட்டி, வாழைப்பழம், முட்டை.

"நான் சொல்லல?" என்றார் மேனேஜர், வெற்றிப் பெருமிதத்தோடு. சாப்பிட்டாயா என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. அன்று அவன் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

நாற்காலி, வேலைக்கு வந்து மூன்றே மாதமான ஓர் ஒல்லிக்குச்சிக்குப் போனது. பதினெட்டுப் படம் சொன்னவன்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாக ஓர் ஊசிமருந்து கேட்டார்கள். கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஒல்லிக்குச்சி வரிசை வரிசையாக ஓடினான். மேனேஜர் நேராக மூட்டையிடம் வந்து நின்றார்.

"பதினாலாவது வரிசை, மேல்தட்டு, இடது ஓரம். முன்னாடி பஞ்சுப் பெட்டி மறைச்சிருக்கும்."

பெட்டி கிடைத்தது. "எப்படிப்பா இவ்வளவு ஞாபகம்?" என்றார் மேனேஜர்.

மூட்டை காலியாகக் கிடந்த நாற்காலியில் ஆற அமர உட்கார்ந்தான்.

"இன்னிக்குச் சாப்பிட்டு வந்தேன் சார்."