பின்சீட்டுப் பொருளாதாரம்

முன்னால் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்திருப்பவர் கிளட்சை விட்டதும் கார் ஒரு குதி குதிக்கும். பின்சீட்டுக்காரி தலை முட்டாமல் குனிந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து சத்தமாக வாசிப்பாள்: "விலை கூடினால் தேவை குறையும். விலை குறைந்தால் தேவை கூடும்."

"கொஞ்சம் சும்மா இரும்மா, லாரி வருது" என்று கெஞ்சுவார் ஓட்டக் கற்கும் பல் டாக்டர்.

"லாரி தினம் வரும் சார். பரீட்சை வருஷத்துக்கு ஒரு தடவைதான்."

பன்னிரண்டாம் வகுப்பு. பொருளாதாரம் அவள் கேட்டு எடுத்த பாடமல்ல. அறிவியல் பிரிவு நிரம்பியபின் மிச்சமிருந்தது. ஆனால் சேர்ந்த மாதமே தலைக்கேறிவிட்டது. குளியலறைக் கதவைத் தட்டி, "ஏகபோகம் நடத்தாத, வெளிய வாடா!" என்று அண்ணனை விரட்டுவாள். காதல் முறிந்து அழுத தோழிக்கு அவள் சொன்ன ஆறுதல்: "இறுதிநிலைப் பயன்பாடு குறைஞ்சுகிட்டேதான்டி போகும். மூணாவது மாசமே கழட்டி விட்டிருக்கணும்."

பள்ளி விட்டால் அம்மாவின் டிரைவிங் ஸ்கூல் கார்தான் படிப்பறை. எதிர்த்தெருவில் ஏசி காரோடு இன்னொரு ஸ்கூல் முளைத்தபோது, படித்ததைக் காட்டிவிட்டாள்.

"ஃபீஸைப் பாதியாக்கும்மா. கூட்டத்தச் சமாளிக்க முடியாமத் திண்டாடப் போற."

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அம்மா, மகள் நோட்டில் போட்டுக் காட்டிய தேவைக்கோட்டை நம்பினாள். பலகையில் 'பாதிக் கட்டணம்' ஏறியது. இருந்தவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியாகப் போனவர் பல் டாக்டர். "பாதிக் காசுன்னா முன்னாடி போக மட்டும்தானா? ரிவர்ஸுக்கு வேற எடம் பாக்கணுமா?"

ஆசிரியையிடம் நியாயம் கேட்கப் போனாள். "மிஸ், தேவை விதி வேல செய்யல."

"'மற்றவை மாறாதிருக்கும்போது'ன்னு முதல்லயே போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?"

அந்த வரியை அவள் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிட்டிருந்தாள்.

அம்மா திட்டவில்லை. "இந்த மாசமும் இப்படியே போனா வண்டிய வித்துட வேண்டியதுதான்" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள், அவ்வளவுதான்.

மறுநாள் மாலை சீருடையைக்கூட மாற்றாமல் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள் மகள்.

"பதினெட்டு முடிஞ்சு எல்எல்ஆரும் வாங்கியாச்சு. காலி வண்டிய எவன் நம்புவான்? கடைத்தெருவுல ஒரு சுத்து சுத்துவோம். எல்லாரும் பாக்கட்டும்."

"நீ எங்கடி ஓட்டிப் பழகின?"

"அதுக்குத்தானே நீ இருக்க."

கடைத்தெரு. இருபுறமும் கடை வாசல்களில் ஆட்கள். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், வண்டி ஊர்ந்தது. அம்மாவின் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. யார் ஓட்டினாலும் அம்மாவின் கால் அதைவிட்டு அசைந்ததே இல்லை. அம்மா வெளியே நிற்பவர்களை ஒருமுறை பார்த்தாள். கண்ணாடியை முழுதாக இறக்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி, இருக்கையின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.